தடைக்காலத்தில் துவைத்த ஸ்வெட்டர்

என் மனைவிக்கு வேலை கிடைத்த செய்தி, அவள் வேலைக்குப் போக ஆரம்பித்துச் சில நாட்கள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. நான் அப்போது கடலில் இருந்தேன். காசிமேட்டிலிருந்து விசைப்படகில் தங்கலுக்குப் போகிறவன் நான். போனால் ஒரு வாரம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு எர்ணாவூர் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் அவள் தனியாகத்தான் இருந்தாள். ராயபுரம் பக்கம் இறாலை உறையவைத்துக் கப்பலில் அனுப்பும் கம்பெனி ஒன்றில் ஆள் எடுக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, நேராகப் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

கரைக்கு வந்து குளித்துச் சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னாள்.

"முன்னாடியே கேட்டா வோணான்னு சொல்லுவ. அதான் சேந்துட்டு சொல்றேன்."

"இன்னா வேல?"

"பொட்டி அடுக்கற வேல. ஐஸ் பொட்டி மாதிரி ஒரு ரூமு கீது, நம்ம வூட்ட வுட பெர்சு. அதுக்குள்ள இறால் பொட்டிய அடுக்கிட்டு வரணும். அப்பறம் மறுபடியும் போவணும்."

"குளுராது?"

"குளுரும். அதுக்குத்தான் எனுக்கு ஒரு சொட்டரு வோணும்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கம்பெனி கொடுக்கும் தடித்த ஜாக்கெட்டுகள் கொஞ்சம்தானாம். முதல் ஷிப்டுக்காரி கழற்றிப்போட்ட ஈரத்தோடு அடுத்த ஷிப்டுக்காரி மாட்டிக்கொள்ள வேண்டும். அதை மட்டும் நம்பி உள்ளே போனால் எலும்புவரை குளிர் இறங்கிவிடுகிறது, உள்ளே சொந்தமாக ஒன்று போட்டே ஆக வேண்டும் என்றாள். பேசும்போது இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தாள். விரல்களைச் சூடாக்க அப்படி உட்காரும் பழக்கம் அதற்குள் அவளுக்கு வந்துவிட்டிருந்தது.

முதல் ஸ்வெட்டரை வண்ணாரப்பேட்டை நடைபாதையில் அவளே வாங்கினாள். மெரூன் நிறம், கழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு. ஒரு வாரம் போட்டுக்கொண்டு போனதும் அது இறாலாகவே ஆகிவிட்டது. மீன் நாற்றம் எங்களுக்குப் புதிதில்லை. பருத்தித் துணியில் ஏறும், ஒரு சோப்பில் இறங்கும். கம்பளியில் அது நூலுக்குள் போய்க் குடியேறிவிடுகிறது. என் கடல் துணிகளை அவள் எப்படித் துவைப்பாளோ அப்படியே இதையும் துவைத்தாள்: கொதிக்கிற தண்ணீர், கை நிறைய சோப்புத் தூள், ஓரிரவு ஊறல், காலையில் கல்லில் நாலு அடி, பிறகு மொட்டை மாடி வெயில்.

சாயங்காலம் அதை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தவள் என் முன்னால் பிடித்துக் காட்டினாள். கை இருந்தது, கழுத்து இருந்தது, வெள்ளைக் கோடும் இருந்தது. ஆனால் மொத்தமும் நாலு வயதுக் குழந்தையின் அளவு. கையில் எடுத்துப் பார்த்தேன். அட்டை மாதிரி தடித்துப்போயிருந்தது.

"இது நம்மளுதுதானா? வேற யாரு வூட்டுதாவது எடுத்துகினு வந்துட்டியா?"

"நம்மளுதுதான்," என்றாள். அதை எடுத்துப்போய் எதிர்வீட்டுக் குழந்தைக்கு மாட்டிவிட்டாள். அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தியது. அதன் அம்மா வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள். குழந்தை கழற்ற விடவில்லை. வியர்த்து வடிய வடிய அது அந்த ஸ்வெட்டரோடு தாழ்வாரத்தில் ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்த பிறகுதான் என் மனைவிக்குச் சிரிப்பு வந்தது.

இரண்டாவது ஸ்வெட்டர் கப்பலிலிருந்து வந்தது. துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களுக்குச் சாமான் ஏற்றிப் போகும் லாஞ்சில் என் தோஸ்து ஒருவன் வேலை செய்கிறான். எங்கள் கதையைக் கேட்டுச் சிரித்தவன், ஒரு வாரம் கழித்து ஒரு பையோடு வீட்டுக்கு வந்தான்.

"இந்தா மாமு. வெள்ளக்காரன் ஒருத்தன் குடுத்தான். இனிமே சூடான ஊருக்குத்தான் போறானாம், வோணான்னுட்டான். தங்கச்சிக்குக் குடு."

கருநீல நிறம். கையில் தூக்கினால் கனம் தெரிந்தது. என் மனைவி போட்டுப் பார்த்தாள். முழங்கால்வரை வந்தது, கையை இரண்டு மடிப்பு மடிக்க வேண்டியிருந்தது. "ஜோரா கீது," என்று அதற்குள்ளிருந்தே சொன்னாள். அந்த வெக்கையில் அவள் முகம் சிவந்து வியர்த்திருந்தது, ஆனாலும் உடனே கழற்றவில்லை.

உள்பக்கத் தையலில் ஒரு சின்னத் துணித்துண்டு இருந்தது. எங்களுக்குத் தெரியாத பாஷையில் ஏதோ எழுத்து, அதன் கீழே வரிசையாகப் படங்கள். இரண்டு பேரும் ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து அதைப் படித்தோம்.

"தொட்டியில கைய வுட்டுகினு கீறான்," என்றாள்.

"கையால தோய்க்கணும்னு அர்த்தம். மிஷின்ல போடாத."

"முக்கோணத்த எதுக்கு அடிச்சி வெச்சிகீறான்?"

"தெரில. எதுவோ கூடாதுன்றான்."

"இந்தக் கட்டத்துக்குள்ள படுக்கக் கோடு?"

அது இரண்டு பேருக்கும் புரியவில்லை. மெரூன் ஸ்வெட்டருக்கு நேர்ந்ததை நினைத்து, இதைத் துவைக்கவே அவளுக்குப் பயம் வந்துவிட்டது. வேலை முடிந்து வந்ததும் ஜன்னல் கம்பியில் காற்றாடப் போடுவாள், மறுநாள் அப்படியே பையில் எடுத்துக்கொண்டு போவாள். நான் மறுபடி கடலுக்குப் போய்விட்டேன்.

சித்திரையில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் படகைக் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். மீன் முட்டையிடும் காலம் என்று விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. எங்கள் ஆம்பிளைகள் வலையைப் பிரித்துத் தைப்பார்கள், படகுக்கு வண்ணம் அடிப்பார்கள், மீதி நேரம் நிழலில் சீட்டாடுவார்கள். ஆனால் பண்ணையில் வளர்க்கும் இறாலுக்குத் தடைக்காலம் கிடையாது. லாரி லாரியாக வந்துகொண்டே இருந்ததால் அவளுக்கு மட்டும் வேலை ஓயவில்லை.

அந்த முதல் வாரத்திலேயே ஒரு நாள் அவள் வழக்கத்தைவிடத் தாமதமாக வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, ஸ்வெட்டர் இருந்த பையைக் கதவுக்கு வெளியிலேயே வைத்தாள். முகம் கழுவிக்கொண்டு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். நான் டீ போட்டுக் கொடுத்தேன்.

"நடந்து வந்தேன்," என்றாள்.

"ராயபுரத்துலேர்ந்தா?"

"இல்ல. திருவொற்றியூர்லேர்ந்து. பஸ்ல வந்துகினு இருந்தேன். பக்கத்துல குந்தின பொண்ணு மூக்க மூடிகினா. அப்பறம் எழுந்து போயி நின்னுகினா. பின்னாடி சீட்டுல ஒரு ஆளு ஜன்னல தொறந்தான். ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. நான்தான் இறங்கிட்டேன்."

அவள் அழவில்லை. டீயைக் குடித்து முடித்துவிட்டு, "வேலைலேர்ந்து நின்னுடலாம்னு பாக்கறேன்," என்றாள்.

பதினெட்டு வயதில் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மீன் கூடையோடு பஸ்ஸில் போய்ப் பழகியவள் அவள். நாற்றம் என்று சொன்னவர்களிடம் மல்லுக்கு நின்றிருக்கிறாள். இந்த முறை ஏன் இறங்கினாள் என்று நான் யோசித்தேன். கூடை சுமந்த காலத்தில் அது தொழில், எல்லோருக்கும் தெரியும். இப்போது அவள் பூ வைத்து, நல்ல புடவை கட்டி, மற்றவர்களைப் போல வேலைக்குப் போய் வருகிறவள். அந்த இடத்தில் போய்த் தொட்டிருக்கிறது. அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது என்பதும் எனக்கு அன்றுதான் சரியாகப் புரிந்தது.

"நிக்காத. அத்த எங்கைல குடு," என்றேன்.

"இன்னா பண்ணப் போற?"

"தோய்க்கறேன்."

அவளுக்கு நம்பிக்கையில்லை என்பது தெரிந்தது. ஆனாலும் பையை எடுத்துக் கொடுத்தாள்.

மறுநாள் அவளுக்கு விடுமுறை. கம்பளி என்பது ஆட்டு முடிதானே, முடிக்குப் போடுவதையே போடலாம் என்று யோசித்து, தலைக்குப் போடும் ஷாம்பு பாக்கெட் இரண்டு வாங்கிவந்தேன். பச்சைத் தண்ணீர்தான். எங்கள் குழாயில் வருவது உப்புத் தண்ணீர்; அதில் ஷாம்பு நுரைக்கவேயில்லை. அலசிக் காயவைத்தபோது ஸ்வெட்டர் சுருங்கவில்லை, ஆனால் கருவாடு மாதிரி விறைத்து நின்றது. நாற்றமும் பாதிதான் போயிருந்தது.

"பரவால்ல, சுருங்காம கீது," என்றாள் அவள். எனக்கு ஆறுதல் சொல்கிறாள் என்று தெரிந்தது.

நல்ல தண்ணீருக்கு என்ன செய்வது என்று பார்த்தேன். லாரித் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவுமே போதாது. தெருமுனையில் சேட்டு ஒருவரின் அடகுக்கடை இருக்கிறது. அந்தக் கடை ஏசியிலிருந்து நாள் முழுக்கத் தண்ணீர் சொட்டும். உப்பில்லாத தண்ணீர். குழாய்க்கு அடியில் ஒரு வாளியைக் கொண்டுபோய் வைத்தேன்.

"இன்வர்ட்டர் பேட்டரிக்கா?" என்று கேட்டார் சேட்டு.

"இல்ல சேட்டு. சொட்டருக்கு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அவராகவே வாளியைச் சொட்டு விழும் இடத்துக்குச் சரியாக நகர்த்தி வைத்தார்.

இரண்டாவது முறை நுரை பொங்கியது. தேய்க்கவில்லை, தண்ணீருக்குள் வைத்து மெல்ல அழுத்தி அழுத்தி எடுத்தேன். கலங்கலாக அழுக்கு இறங்கியது. கவுச்சி போக நாங்கள் கையில் எலுமிச்சம்பழம் தேய்ப்பதுண்டு. கடைசி அலசலில் ஒரு பழத்தைப் பிழிந்துவிட்டேன். முறுக்கிப் பிழியாமல் பழைய லுங்கி ஒன்றை விரித்து, அதில் ஸ்வெட்டரைப் படுக்கவைத்துப் பாய் மாதிரி சுருட்டி, மேலே உட்கார்ந்தேன். லுங்கி தண்ணீரைக் குடித்துக்கொண்டது.

காயப்போடுவதுதான் பேஜாராக இருந்தது. முதல் முறை கொடியில் தொங்கவிட்டதில் தண்ணீர்க் கனத்தில் கைகள் இரண்டும் கீழே இழுத்துக்கொண்டு போய்விட்டன. மொட்டை மாடியில் விரித்துப்போடவும் முடியாது. எங்கள் பக்கத்துக் காற்றில் அனல்மின் நிலையத்துச் சாம்பலும் கரித்தூளும் எப்போதும் இருக்கும். வெள்ளை வேட்டியைக் காயப்போட்டால் சாயங்காலம் வேறு நிறத்தில் எடுக்கலாம். தாழ்வாரத்தில் நின்று யோசித்தபோது, தைப்பதற்காக நான் கொண்டுவந்து போட்டிருந்த வலை கண்ணில் பட்டது. அதிலிருந்து கிழிந்த துண்டு ஒன்றை வெட்டி, தாழ்வாரக் கம்பிக்கும் எங்கள் ஜன்னலுக்கும் நடுவில் நாலு மூலையையும் இழுத்துக் கட்டினேன். தூளி மாதிரி தொய்யாமல் கட்டில் மாதிரி விறைப்பாக நின்றது. அதன்மேல் ஸ்வெட்டரைப் படுக்கவைத்துக் கைகளை ஒழுங்கு செய்தேன். மேலும் கீழும் காற்று போயிற்று. அப்போதுதான் அந்தக் கட்டத்துக்குள் இருந்த படுக்கைக் கோடு என்ன சொல்கிறது என்று எனக்கு விளங்கியது.

கீழே சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள்.

"இன்னா மாமு, வலைல இன்னா பட்டிருக்கு?"

"சொட்டரு."

"யாருது?"

"என் பொண்டாட்டிது."

கொஞ்ச நேரம் அங்கே ஆட்டமே நடக்கவில்லை. அந்தத் தடைக்காலம் முழுக்க அவர்களுக்கு என்னை வைத்துத்தான் பொழுது போனது. ஈரக் கம்பளிக்கு ஒரு வாடை உண்டு, மழையில் நனைந்த ஆட்டின் வாடை. இரண்டாம் மாடிக்காரம்மா ஒருவர் படியேறி வந்து, "யாரு வூட்ல ஆடு கட்டிகினு கீறீங்க?" என்று உண்மையாகவே விசாரித்தார். எனக்கு வெட்கமாக இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அன்று மாலை காய்ந்த ஸ்வெட்டரை எடுத்து என் மனைவி முகத்தருகே வைத்து மூச்சை இழுத்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எலுமிச்ச சாதம் மாதிரி கீது," என்றாள். மறுபடி ஒருமுறை முகர்ந்தாள். "மெத்துன்னு கூட கீது."

அதன்பிறகு வாரம் ஒரு முறை அது என் வேலை. முழங்கை இடத்தில் நூல் விட்டிருந்ததை வலை தைக்கும் நைலானால் தைத்தேன். அது அவள் கையைக் கீறிவிட்டது. பிறகு திருவொற்றியூரில் நீல உல்லன் நூல் வாங்கிவந்து பிரித்துத் தைத்தேன். நீலம் சரியாகப் பொருந்தவில்லை. "தெரிஞ்சா தெரியட்டும்," என்று அவள் சொல்லிவிட்டாள்.

ஒரு நாள் அவள் பையிலிருந்து இரண்டு ஸ்வெட்டர்கள் வந்தன. இரண்டாவது சாம்பல் நிறம். புளியந்தோப்பிலிருந்து வந்து அவளோடு பெட்டி அடுக்கும் தோழியுடையது. பஸ்ஸில் சீட்டு காலியாக இருந்தாலும் அந்தத் தோழி படிக்கட்டு ஓரத்திலேயே நின்று வருவாளாம். என் மனைவியின் ஸ்வெட்டர் ஏன் நாறவில்லை என்று அவள் கேட்டிருக்கிறாள். இவளும் பெருமையாகச் சொல்லிவிட்டாள்.

"ஒரு தபா மட்டும் தோச்சிக் குடுத்துடு," என்றாள்.

தோய்த்துக் கொடுத்தேன். வலைமேல் நீலமும் சாம்பலும் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்ததைச் சாயங்காலம் வந்து பார்த்தவள், சாம்பலை எடுத்து வலையின் அந்தக் கோடிக்குத் தள்ளிப் போட்டாள். அடுத்த வாரம் அந்தத் தோழி மறுபடி கொடுத்தனுப்பியபோது, அது பையிலேயே இருந்தது.

"அத்த ஏன் எடுக்கல?" என்றேன்.

"எம் புருஷன் இன்னா டோபியா? நீ எப்பிடித் தோய்க்கறன்னு சொல்லிக் குடுக்கறேன், அவளே தோச்சிக்கட்டும்."

ஆனால் சொல்லிக்கொடுத்ததோடு பேச்சு முடியவில்லை. தோழிக்கு வீட்டில் தண்ணீரும் இல்லை, காயப்போட இடமும் இல்லை. அப்படிப்பட்டவர்கள் அந்த ஷிப்டில் இன்னும் பலர் இருந்தார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதைப் பற்றியே பேசி, கடைசியில் எல்லோருமாக மேனேஜரிடம் போவதென்று முடிவாகி, பேசுவதற்கு என் மனைவியைத் தள்ளிவிட்டார்கள். அன்று நடந்ததை அவள் சொல்லச் சொல்ல நான் ஸ்வெட்டரை அலசிக்கொண்டிருந்தேன். வாளிக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து சொன்னாள்.

"அந்த ஆளு இன்னா சொன்னான் தெரியுமா? உங்க டிரெஸ்ஸ உங்க வூட்ல சுத்தமா வெச்சிக்கறது உங்க பொறுப்புன்னான்."

"நீ இன்னா சொன்ன?"

"சொட்டரு எங்களுதுதான் சார், நாத்தம் உங்களுதுன்னேன்."

நான் அலசுவதை நிறுத்திவிட்டேன். "அப்பிடியேவா சொன்ன?"

"அப்பிடியேதான். எல்லாம் சிரிச்சிட்டாளுங்க. அவனுக்கும் சிரிப்பு வந்துடிச்சி, அடக்கிகினான். அப்பறம் நான் பஸ்ல நடந்தத சொன்னேன். அத்த சொல்லக்கூடாதுன்னுதான் இருந்தேன். வாயில வந்துடிச்சி."

மேனேஜர் அன்று எதுவும் சொல்லாமல் அனுப்பிவிட்டார். வேலை போய்விடுமோ என்று இரண்டு மூன்று நாள் பயந்தபடி போய்வந்தாள். பிறகு ஒரு காலை, அட்டைப்பெட்டிகள் போட்டுவைத்திருந்த அறை ஒன்றைக் காலி செய்து, சுவரில் கொக்கிகளும் ஒரு குழாயும் வைத்து, பெண்கள் உடை மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டார்கள். ஸ்வெட்டரை அங்கேயே மாட்டிவிட்டு, கைகால் முகம் கழுவி, வீட்டிலிருந்து கட்டிவந்த புடவையோடு திரும்பி வரலாம். ஜாக்கெட்டுகளும் கூடுதலாகச் சில வந்தன. மேனேஜர் நல்லவர்தான், யாரும் அதுவரை கேட்கவில்லை என்று என் மனைவி சொன்னாள்.

தடைக்காலம் முடிந்து நான் கடலுக்குப் போனேன். அந்த முதல் தங்கலில், அலை கொஞ்சம் ஓய்ந்த மாலைகளில், இந்த வாரம் அவள் அதைத் துவைத்திருப்பாளா, சேட்டு கடையில் வாளி வைத்திருப்பாளா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கூட இருந்தவர்களிடம் சொன்னால் படகிலேயே கேலி செய்து கொன்றுவிடுவார்கள். திரும்பி வந்தபோது ஸ்வெட்டர் துவைத்து மடித்து இருந்தது. எடுத்துப் பார்த்தேன். கழுத்தோரம் லேசாக அலை அலையாக வந்திருந்தது.

"ஈரத்துல இழுத்துட்ட," என்றேன்.

"கடலுக்குப் போறவன் கடலப் பாரு," என்றாள். ஆனால் அடுத்த முறை மடித்து வைத்தபோது கழுத்தோரம் நேராக இருந்தது.

ஐப்பசி மழையில் அவளுக்கு இருமல் பிடித்தது. போகவே இல்லை. குளிர் அறைக்குள் இனிமேல் போகக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வேலை போயிற்று என்றுதான் இரண்டு பேரும் நினைத்தோம். ஆனால் நன்றாகக் கணக்குப் பார்க்கத் தெரிந்தவள் என்று எடை போடும் பகுதிக்கு அவளை மாற்றினார்கள். அங்கே குளிர் கிடையாது. நின்றுகொண்டே வேலை, கால்தான் வலிக்கும். இருமல் மெல்ல மெல்ல விட்டது. ஸ்வெட்டருக்கு வேலையில்லாமல் போனது. காய்ந்த வேப்பிலை போட்டு, பழைய துண்டில் சுற்றிப் பீரோவின் மேல்தட்டில் வைத்தாள்.

அவள் விட்டுவந்த இடத்துக்கு மூலக்கொத்தளத்திலிருந்து ஒரு புதுப் பெண் வந்திருந்தாள். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஸ்வெட்டர் இல்லாமல் இரண்டு ரவிக்கை போட்டுக்கொண்டு உள்ளே போகிறாள் என்று என் மனைவி வருத்தமாகச் சொன்னாள்.

"பீரோவுல சும்மாதான கீது, அத்தக் குடுத்துடேன்," என்றேன்.

"அத்தக் குடுக்க மாட்டேன்."

"ஏன்?"

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் திரும்பாமலே, "நீ தோச்சது," என்றாள். கொஞ்சம் கழித்து, "அந்தப் பொண்ணுக்கு வேற ஒண்ணு பாரு. உன் தோஸ்த கேளு," என்றாள்.

தோஸ்து கேட்டுப் பார்த்தான். கப்பலிலிருந்து எதுவும் வரவில்லை. கடைசியில் நானும் அவளுமாக வண்ணாரப்பேட்டைக்குப் போய் ஒரு பச்சை ஸ்வெட்டரைத் தேர்ந்தெடுத்தோம். கடைக்காரர் அசல் கம்பளி என்று சத்தியம் செய்தார். என் மனைவி அதை முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்து, ஒரு நூலை விரலில் உருட்டிப் பார்த்து, பிறகுதான் தலையாட்டினாள்.

போன வாரம் அந்தப் பெண் போன் செய்து எப்படித் துவைப்பது என்று கேட்டாள். நான் வலை தைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். தண்ணீர், ஷாம்பு, எலுமிச்சை, லுங்கி, நிழல் என்று என் மனைவி ஒவ்வொன்றாகச் சொன்னாள், பிறந்ததிலிருந்தே கம்பளி துவைத்தவள் மாதிரி. நடுவில் எலுமிச்சையை முதலிலேயே பிழியச் சொல்லிவிட்டாள். கடைசி அலசலில்தான் பிழிய வேண்டும். நான் தலையை நிமிர்த்தினேன். பேசாதே என்று அவள் கையைக் காட்டினாள். நான் மறுபடி வலையைத் தைக்கக் குனிந்தேன்.